அரை வோல்ட் கொசுறு

எங்கள் எலக்ட்ரீசியன் சங்கம் இந்த வருடம் மலர் போடுகிறதாம். செயலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "ஸ்டெல்லாக்கா, பழைய ஸ்கூட்டரை வீட்டிலேயே கரன்ட் வண்டியா மாத்துறவங்க ஊருக்கு நாலு பேர் ஆயிட்டாங்க. அவங்க எந்த சார்ஜர் வாங்கணும்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. முப்பத்தொரு வருசம் சார்ஜர் பட்டறையில இருந்த கை உங்க கை. பத்து பாயின்ட்டா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

பத்து பாயின்ட் வேண்டுமென்றால் போனைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. என் கையைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னாரே, அதுதான் என்னை உட்கார்த்தி எழுத வைக்கிறது. அந்தக் கை கடைசியில் என்ன செய்தது என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஐ.டி.ஐ. முடித்த பெண்ணைக் கடைக்குள்ளேயே விடாத காலத்தில் நான் வேலை தேடினேன். எங்கள் பங்குச் சாமியார் ஒரு வார்த்தை சொல்ல, செவ்வாய்ப்பேட்டையில் சார்ஜர் பட்டறை வைத்திருந்த ஜமால் சார் சேர்த்துக்கொண்டார். லாரி பேட்டரிகளுக்கும் போர் போடுகிற ரிக் வண்டி பேட்டரிகளுக்கும் சார்ஜர் செய்கிற பட்டறை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எங்கள் பெட்டி போகாத லாரிப் பட்டறை கிடையாது. இரண்டு வருடம் காயில் சுற்றினேன், ஒரு வருடம் பற்றவைத்தேன், அப்புறம் டெஸ்டிங் மேசையில் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி மாறவில்லை.

டெஸ்டிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சார்ஜரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடு பார்த்து, கடைசியில் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். உள்ளே கொத்தமல்லி விதை அளவில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். வலப்பக்கம் திருகினால் வோல்ட் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். சரியான இடத்தில் நிறுத்தி, அசையாமல் இருக்க அதன் தலையில் சிவப்பு நகப்பாலிஷை ஒரு பொட்டு வைப்போம். பாலிஷ் வாங்கி வருவது என் பொறுப்பு. "பொண்டாட்டிக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்ததில்ல, சார்ஜருக்கு மாசம் ரெண்டு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தத் திருகில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. லாரிக்காரர்கள் வாயைத் திறந்தாலே "ஃபுல் ஆகறதே இல்லீங்க" என்பார்கள். அதனால் கணக்கு எத்தனை வோல்ட் சொன்னாலும், அதற்கு மேல் அரை வோல்ட் கூட்டி வைத்துத்தான் பொட்டு வைப்போம். காய்கறிக்காரம்மா கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பைக்குள் போடுவாள் அல்லவா, அது மாதிரி. பட்டறையில் அதற்குப் பெயரே கொசுறு. "கொசுறு போட்டாச்சா?" என்று கேட்டால் டெஸ்டிங் முடிந்ததா என்று அர்த்தம். ஆசிட் பேட்டரிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கொஞ்சம் அதிகமாகக் கொதிக்கும், தண்ணீர் குறையும், ஊற்றிக்கொள்ளலாம். எருமைக்குக் கூடுதலாக ஒரு கட்டு புல் போட்ட கதைதான்.

பிறகு லித்தியம் வந்தது. ஜமால் சார் எங்கள் நான்கு பேரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்து, விரல் தடிமனில் ஒரு செல்லைக் காட்டினார். "இது நிறையுற அளவு நாலு புள்ளி ரெண்டு வோல்ட்டு. அதுக்கு மேல ஊத்துனா இது கொதிக்காது, எரியும். தண்ணி ஊத்தி சரி பண்ண முடியாது. லித்தியத்துக்குக் கொசுறு கிடையாதும்மா. பொட்டு வெச்சப்புறம் யாரு வந்து கேட்டாலும் தொடக்கூடாது." அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் தவறாக விட்ட சார்ஜரைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நானே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் மத்தியானத் தொழுகைக்கு நேரமாகியும் நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் மாற்றிய வண்டிக்கு சார்ஜர் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் ஒரு அட்டை போட்டார். முன்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கேள்விகள்: என்ன பேட்டரி, வரிசையில் எத்தனை செல், எத்தனை ஆம்பியர், காவல் போர்டு இருக்கிறதா. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் வாடிக்கையாளர் தன் வீட்டை வரைய வேண்டும். பிளக் எங்கே, வாசல் எங்கே, சார்ஜ் ஏறும்போது வண்டி எங்கே நிற்கும், ஆள் எங்கே படுப்பார்.

இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை வியாபாரி வந்தார். சார் பேனாவைக் கொடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், சார்ஜர் வாங்க வந்தா, சம்பந்தம் பேச வந்தவனாட்ட ஊடு வாசலெல்லாம் கேக்கறீங்க?"

"வரைங்கண்ணே, பார்ப்போம்."

வரைந்தார். வண்டி நடையில் நின்றது. வீட்டுக்கு வாசல் ஒன்று. சார் அட்டையை மடித்து அவரிடமே கொடுத்து, "வெளியே ஒரு தகரக் கொட்டாய் போட்டுட்டு வாங்க, நானே கொண்டாந்து மாட்டித் தர்றேன்" என்றார். அந்த மனிதர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துக் கொட்டாயைப் படம் பிடித்துக்கொண்டு வந்து சார்ஜரை வாங்கிப் போனார். நாங்கள் உள்ளே நின்று சிரித்தோம். வருகிற கிராக்கியை விரட்டுவதில் பாயை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன்.

என் கடைசி வருடத்தில் சாருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் பழனிசாமி வந்தார்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், காட்டுக்கு நடுவே நாலைந்து வீடு சேர்ந்த ஒரு வளவு அவருக்கு. ரிக் வண்டியில் ஆந்திரா, ஒரிசா என்று சுற்றிய ஆள். போர் போடும் குழாய் சரிந்து விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, கோழிப் பண்ணையில் முட்டை எடுத்துத் திருச்செங்கோட்டில் டீக்கடைகளுக்குப் போடும் வேலையைப் பிடித்தார். பக்கச் சக்கரம் வைத்த பழைய ஸ்கூட்டரில் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் கையாலேயே மோட்டார் வைத்து, கழித்துப்போட்ட பேட்டரிகளில் இருந்து நல்ல செல்களாகப் பொறுக்கிக் கட்டியிருந்தார். கட்டியிருந்த சுத்தத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

கையில் ஒரு சார்ஜர் வைத்திருந்தார். யாரோ விற்றது. "ஏனுங்கக்கா, நாப்பத்தெட்டு வோல்ட்டு பேட்டரிக்கு நாப்பத்தெட்டு வோல்ட்டு சார்ஜரு. சரிதானுங்களே? மாட்டறதுக்கு மின்னாடி ஒருக்கா காட்டிப் போலாம்னு வந்தனுங்க."

மீட்டரில் வைத்தேன். ஐம்பத்தெட்டு வோல்ட்டைத் தாண்டி நின்றது. அது ஆசிட் பேட்டரி சார்ஜர். நாற்பத்தெட்டு என்பது கூப்பிடுகிற பெயர்தான், பேட்டரி எங்கே நிறைகிறது என்பதை அது சொல்லாது. பழனிசாமியின் பேட்டரியில் வரிசையில் பதிமூன்று செல். ஆளுக்கு நாலு புள்ளி இரண்டு என்றால் ஐம்பத்து நாலு புள்ளி ஆறில் நின்றுவிட வேண்டும். அந்த சார்ஜரை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. பழைய செல் என்பதால் வேகமாக ஏற்றாத, ஐந்து ஆம்பியர் சார்ஜராகத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலை முட்டை போட்டுவிட்டு மத்தியானம் வீடு வந்து தூங்குகிற நேரத்தில் மெதுவாக ஏறட்டும். ஐம்பத்து நாலு புள்ளி ஆறு. மீட்டரை அவருக்கே காட்டிவிட்டுப் பொட்டு வைத்தேன்.

"சாமி மாதிரி காப்பாத்திட்டீங்கக்கா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அட்டையின் முன்பக்கத்தை ஒன்று விடாமல் நிரப்பினேன். காவல் போர்டு இருக்கிறது, பழையது, வேலை செய்கிறது என்று எழுதினேன். அந்த போர்டு ஒவ்வொரு செல்லையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று நிறைந்து வழியப் போனாலும் கரன்டை நிறுத்திவிடும். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி வந்த மனிதரை உட்கார்த்தி வைத்து, வீட்டை வரை, வாசலை வரை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டு வாங்க சாரும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்த சார்ஜரோடு வந்தார். குறை சொல்லத் தயங்குகிற மனிதர், எங்கெங்கோ சுற்றி விஷயத்துக்கு வந்தார்.

"வண்டி அருமையா போகுதுங்க. திரும்பி வாரப்ப ஏரிக்கரை மேட்டுல மட்டும் நின்னு போயிருதுங்க. அங்கிருந்து பாத்தா எங்க ஊடு தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண, எறங்கித் தள்ள எனக்குக் காலில்லைங்களே. சரசு காட்டு வேலைய உட்டுட்டு ஓடியாந்து தள்ளறா. பொண்டாட்டி தள்ள, நான் மேல குக்கிட்டு வாறதை ஊரே நின்னு பாக்குதுங்க. இன்னும் ஒரு கிலோமீட்டரு ஓடுனாத் தேவுலைங்கக்கா. வேறொண்ணும் வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மேசைக்கு மேலே நான் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார். பிளேடு நுனியால் பொட்டைச் சுரண்டினேன். திருகை வலப்பக்கம் ஒரு மயிரிழை திருகினேன். ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று. அளவு மீறினால் பார்த்துக்கொள்ளத்தான் போர்டு இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுப் பொட்டு வைத்தேன்.

"உங்களுக்கு அரை வோல்ட் கொசுறு போட்டிருக்கேன், போய்ப் பாருங்க."

"கறிவேப்பலைக் கொத்தாட்டங்களா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாம் நாள் போன். "அக்கா, மேடு ஏறிப்போச்சுங்க! ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டனுங்க! சரசு பேசோணுமாமா." அவள் போனை வாங்கி, "நல்லா இருக்கோணுமுங்கக்கா நீங்க" என்றாள். மேசையில் இருந்த மற்ற மூவருக்கும் அன்றைக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு போன். "அக்கா, சார்ஜர்ல பச்சை விழுகுதுங்க, உடனே சிவப்பாவுது, மறுக்கா பச்சை. கண்ணடிச்சுக்கிட்டே கெடக்குதுங்க. போர்டுதான் கட் பண்ணுதாட்ட இருக்குது."

இந்த இடத்தை நான் மழுப்பாமல் எழுத வேண்டும். அந்த நொடியில் திருகு என் நினைவுக்கு வந்ததா? வந்தது. பிளேடு, பொட்டு, ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று, எல்லாம் வந்தது. சார்ஜரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னால் கொசுறை எடுக்க வேண்டும். எடுத்தால் அவர் மறுபடி மேட்டில் நிற்பார். பாலிஷைச் சுரண்டியதை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். மேசைக்கு முன்னால் மூன்று பேர் வேறு நின்றிருந்தார்கள்.

"பழைய போர்டு தானே, அது கெட்டிருக்கும். வேற வாங்கி மாத்திடுங்க" என்றேன்.

"சரிங்க. அதுவரைக்கும் போர்டு இல்லாம நேரா குடுத்துக்கட்டுமாங்க? வண்டி ஓடாட்டி முட்டை போட முடியாதுங்க."

"ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் போர்டைக் கழற்றிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று, மாதங்களாயிற்று. புதுப் போர்டு போட்டாரா என்று நான் கேட்டு ஒரு போன் செய்யவில்லை. அந்த வருடம் எனக்குப் பிரிவு விழா நடத்தினார்கள். கை சுத்தமான கை என்று அங்கேயும் பேசினார்கள்.

பட்டறையை விட்டு வந்த இரண்டாவது மாதம், செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து மாற்றுத்திறனாளி பலி. மல்லசமுத்திரம் என்பதைப் படித்ததுமே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு நடந்திருக்கிறது. கட்டிலில் இருந்து எழுந்து அப்படியே ஏறி உட்கார வசதியாக, அவர் வண்டியை முன்னறையில் வாசலுக்குக் குறுக்கே நிறுத்துவாராம். அந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. அவர் உள்ளே படுத்திருந்தார். அக்கம்பக்கம் எல்லோரும் காட்டில் இருந்தார்கள். மின்கசிவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். எங்களை யாரும் வந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

பட்டறைக்குப் போய் அவருடைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஜமால் சார் வீட்டுக்குப் போனேன். சார் கட்டிலில் சாய்ந்திருந்தார். அட்டையை வாங்கி முன்பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். திருப்பினார். வெறும் பக்கத்தை என் பக்கம் காட்டினார்.

"கேக்கலியா?"

"கேக்கல சார்."

"பொட்டு?"

"நீங்க சொன்ன இடத்துலதான் சார் இருந்துச்சு" என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் நம்பினார். "அல்லாதான் பாத்துக்கணும்" என்று அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தப்பைக் கண்டுபிடிக்கும்வரை என் பக்கத்தில் நிற்க அவரால் அப்போது முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் மௌத் ஆகிவிட்டார். யாரிடம் சொன்னால் எனக்குத் தண்டனை கிடைத்திருக்குமோ அந்த ஆள் போய்விட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் ஜெபம் கொடுத்தார். சாமியாருக்கு வோல்ட் தெரியாது.

சரசுவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒருநாள் பஸ் ஏறினேன். ஏரிக்கரை மேட்டில் பஸ் ஏறும்போது பார்த்தேன், அங்கிருந்து வீடு தெரியத்தான் செய்தது. முன்சுவர் முழுக்கக் கரி. சரசு என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தாள். உள்ளே எங்கள் சார்ஜர். ஜன்னல் பக்கம் நீள ஒயரில் தொங்கியதால் ஒரு மூலை உருகியதோடு தப்பியிருந்தது. அதனோடு ஒரு துணியில் சுற்றிய காவல் போர்டு.

"இது உங்க பொருளுங்க. வேற ஆருக்காச்சும் ஆவும்" என்றாள். "நீங்க அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாமா, போர்டு கெட்டுப்போச்சு, மாத்துன்னு. இந்த மனுசன் கேட்டாருங்களா? நாளைக்கு வாங்கறேன், நாளைக்கு வாங்கறேன்னே உட்டுட்டாரு. காலுதான் போச்சு, புத்தியுமா போவோணும்? உங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் இரண்டையும் மேசையில் வைத்துச் சோதித்தேன். சார்ஜர் ஐம்பத்தைந்து புள்ளி ஒன்றில் நின்றது. என் பொட்டு அப்படியே இருந்தது. போர்டுக்கு என் கைவசம் இருந்த செல்களை வரிசையாகக் கட்டிக் கொடுத்தேன். ஒரு செல் அளவைத் தாண்டியதும் கட் செய்தது. இறங்கியதும் சேர்த்தது. பதினொரு முறை பார்த்தேன், பதினொரு முறையும் ஒரே இடத்தில் கட் செய்தது. சார்ஜரில் பச்சையும் சிவப்பும் மாறி மாறிக் கண்ணடித்தன.

இதற்குப் பிறகு நான் எந்த சார்ஜரையும் கையால் தொட்டதில்லை. தூங்கப் போகும் முன் ஜெபமாலையைப் பிடிக்கிற விரல்களைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. காலம் ஆற்றும் என்கிறார்கள். மூன்று வருடம் ஆகிறது. சரசு இன்னமும் தன் வீட்டுக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

செயலாளர் தம்பிக்கு: பத்து பாயின்ட் எழுத என்னால் ஆகவில்லை. இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். மலர் வந்ததும் ஒரு பிரதியைச் சரசுவுக்கு அனுப்புங்கள், விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அவள் பத்தாவது படித்தவள், தானே படித்துக்கொள்வாள். கீழே இருக்கிற வரிகளை மட்டும் வெட்டாதீர்கள்.

சரசு, அந்த போர்டு கெடவில்லை. அது சரியாகத்தான் கட் செய்தது. சார்ஜரில் நான் அரை வோல்ட் கூட்டி வைத்திருந்தேன், அதைத்தான் அது தடுத்தது. கெட்டுப்போச்சு என்று சொன்னது நான். இரண்டு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னதும் நான். அவர் நான் சொன்னதை நம்பித்தான் கழற்றினார். அவரை இனிமேல் திட்டாதே.